கண்டிச்சீமைக்கு ஒரு ரிட்டர்ன் டிக்கெட்

மகளுக்குப் பரீட்சை முடியப் போகுது. "ஒரே ஒரு தடவையாவது வெளிநாடு"ன்னு ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கா. பங்குனி கடைசி, சித்திரை தொடக்கம்... நாகர்கோவில் வெயிலுக்குப் பயந்து எங்கேயாவது ஓடத் தோதான சமயம். தாய்லாந்து, மாலத்தீவு, துபாய்னு ஒரு சுற்று சுற்றிவிட்டு, கடைசியில் பட்ஜெட் எங்களை இறக்கிவிட்ட இடம் இலங்கை.

வீட்டுக்காரி உடனே கேட்டது: "இலங்கையா? அது என்ன வெளிநாடு? கடலுக்க அந்தப் பக்கம் தானே?"

சிரிச்சுட்டேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கன்னியாகுமரியிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் 280 கிலோமீட்டர் சொச்சம். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு சாலை வழியா 700 கிலோமீட்டர். அதாவது நம்ம தலைநகரத்துக்குப் போற தூரத்துல பாதி கூட இல்லை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினா ஒரு மணி நேரம். சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறினா விடிஞ்சு தான் இறங்கணும்.

இவ்வளவு பக்கத்துல இருக்கிற ஊருக்கு நம்ம ஆட்கள் முன்னாடி எப்படிப் போனாங்க, எதுக்குப் போனாங்க? ஹோட்டல் தேட உட்கார்ந்தவன் பழைய புத்தகங்களைத் தேட ஆரம்பிச்சேன். நமக்கு இது தான் வியாதி :-) பயணத் திட்டம் போடும்போது எல்லாரும் கேட்கிற கேள்விகள் தான்: எந்த மாசம்? எந்த வழி? என்ன காகிதம் வேணும்? திரும்பி வர்றது எப்போ? இந்த நாலுக்கும் இருநூறு வருஷமா வேற வேற பதில் இருந்திருக்கு. ஒவ்வொண்ணா சொல்றேன்.

எந்த மாசம்?

கடல் தெரிஞ்சவங்களைக் கேட்டா பங்குனி, சித்திரைன்னு தான் சொல்வாங்க. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ஞ்சு, தென்மேற்குக் காற்று தொடங்காத இடைவெளி. மன்னார் வளைகுடா குளம் மாதிரி கிடக்கும். சாயங்காலம் இடியோட ஒரு கோடை மழை வரலாம், அவ்வளவு தான். வைகாசி பிறந்துட்டா நம்ம குளச்சல் கடலும் சரி, கொழும்புக் கடலும் சரி, நம்பி இறங்க முடியாது.

இந்த இடைவெளியில தான் முத்துக்குளிப்பு நடக்கும். மாசிக் கடைசியில் தொடங்கி சித்திரை வரைக்கும். தூத்துக்குடிப் பக்கம் பரதவர்கள், கீழக்கரை முஸ்லிம்கள், அரபு நாட்டு ஆட்கள்னு ஆயிரக்கணக்கான பேர் படகு படகாப் போய் இலங்கையின் மேற்குக் கரையில மரிச்சுக்கட்டிங்கிற இடத்துல கூடுவாங்க. வருஷம் பூரா ஈ காக்கா இல்லாத மணல்காடு. முத்து சீசன்ல மட்டும் தெரு, கடை, ஆஸ்பத்திரி, கோர்ட்டுன்னு ஒரு ஊரே முளைக்கும். சுறா வராம இருக்க மந்திரம் போட "கடல்கட்டி"ன்னு ஒருத்தரைச் சம்பளம் கொடுத்து அரசாங்கமே வச்சிருந்தது. கடல்கட்டி கரையில நின்னாத் தான் குளியாள் தண்ணியில குதிப்பான். வெள்ளைக்கார அதிகாரிக்கு நம்பிக்கை இல்லைன்னாலும் வேலை நடக்கணுமே!

எடுத்த சிப்பியில ஒரு பங்கு குளிச்சவங்களுக்கு, மீதி அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கை ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. உள்ள முத்து இருக்கா இல்லையான்னு தெரியாமலே வாங்கணும். 1905-ஆம் வருஷம் எட்டுக் கோடிக்கும் மேல சிப்பி எடுத்தாங்க. அடுத்த வருஷமே அந்தக் கடலை ஒரு லண்டன் கம்பெனிக்கு 20 வருஷக் குத்தகைக்கு விட்டாங்க. 1907-க்கு அப்புறம் சிப்பியே இல்லை. கம்பெனி படுத்துடுச்சு. லியோனார்ட் வுல்ஃப் (வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் தான்) 1906-இல் இளம் அதிகாரியா மரிச்சுக்கட்டியில வேலை பார்த்தவர்.

இது சரியான மாசத்துல போனவங்க கதை. மாசம் தப்பினா என்ன ஆகும்னு பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். தக்கலை பக்கத்துல உதயகிரிக் கோட்டைக்குப் போனாப் போதும். கொழும்பிலிருந்து டச்சுக்காரங்க குளச்சலுக்குப் படை அனுப்பினாங்க. மார்த்தாண்ட வர்மா அவங்களை வளைச்சுத் தோற்கடிச்சது 1741 ஆகஸ்ட் 10. நம்ம கணக்குல ஆடி மாசம். கடல் கொந்தளிக்கிற காலத்துல கப்பல் கரையை அண்டி உதவி கொண்டு வர்றது லேசான காரியம் இல்லை. பிடிபட்டவங்கள்ல ஒருத்தர் தான் டிலனாய். ஊருக்குத் திரும்பாம மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதி ஆனார், "வலிய கப்பித்தான்"னு பேர் வாங்கினார், 1777-இல் இங்கேயே செத்தும் போனார். கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள்ள இருக்கு, தமிழிலும் லத்தீனிலும் எழுத்து வெட்டி. இலங்கையிலிருந்து நம்ம ஊருக்கு வந்து 36 வருஷம் தங்கிட்ட பயணி அவர்!

எந்த வழி?

நாங்க திருவனந்தபுரம் வழி. மதுரையிலிருந்தும் கொழும்புக்கு விமானம் உண்டு. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, கொஞ்ச நாளில் நின்னு, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு கப்பல் ஒண்ணு வந்து, அந்த நவம்பரோட நின்னு போச்சு. நம்ம ஊர்க்காரங்களுக்கு அது தான் வசதியான வழி. நான் "அடுத்த வருஷம் போகலாம்"னு தள்ளிப் போட்டேன், கோட்டை விட்டேன்.

பழைய ஆட்கள் பாடு வேற. நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், பிறகு திருக்கொச்சி. அந்தக் காலத்துல கொழும்புக்குப் போறவன் முதல்ல ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி திருவிதாங்கூரை விட்டு வெளியே போகணும், அப்புறம் கடலைத் தாண்டணும். மாட்டுவண்டி, நடை. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்துடுச்சு, அங்கிருந்து ராத்திரிக் கப்பல் ஏறினா விடியும்போது கொழும்பு. ஆனா நாகர்கோவில்காரனுக்கு அந்த ரயில் வரைக்கும் வண்டி தான்.

இந்தத் தூத்துக்குடி - கொழும்பு ரூட்டுல தான் வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சுக் குறைச்சு, கடைசியில இலவசமா ஏத்திக்கிட்டு கையில ஒரு குடையும் கொடுத்து அனுப்பினதா சொல்வாங்க. இன்னைக்கு ஆன்லைன்ல வர்ற ஆஃபரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடை தான் ஞாபகம் வருது. யாரை ஒழிக்க இந்த ஆஃபர்னு யோசிக்கத் தோணும்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறிடுச்சு. சென்னையில் ரயில் ஏறி தனுஷ்கோடி, அங்கிருந்து சின்னக் கடல் பயணம், தலைமன்னாரில் மறுபடி ரயில், கொழும்பு. போட் மெயில்! ஒரே டிக்கெட்டுல கொழும்பு வரைக்கும் போகலாம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடியே போச்சு. அதுக்கு அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் மட்டும் 1984 வரைக்கும் ஓடினது.

ஒரு விஷயம் கவனிங்க. நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979 ஏப்ரல்ல தான். அதுவும் திருவனந்தபுரம் பக்கமிருந்து. திருநெல்வேலியோட இணைச்சது 1981-இல். அதுக்குள்ள தனுஷ்கோடிக்குப் போற ரயில் கடலுக்குள்ள போய் 15 வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம ஊர்லேயே ரயில் ஏறி தனுஷ்கோடி வழியா கொழும்புக்குப் போற பாக்கியம் நாஞ்சில் நாட்டுக்காரனுக்குக் கிடைக்கவே இல்லை.

எதுக்குப் போனாங்க?

இந்த இடத்துல தான் என் டூர் பிளான் தடுமாற ஆரம்பிச்சது.

இலங்கைன்னு தேடினா முதல்ல வர்ற படம் பச்சைப் பசேல்னு தேயிலை மலை, நடுவுல நீல ரயில், ஜன்னல்ல தொங்குற வெள்ளைக்காரப் பொண்ணு. நுவரெலியாவை நம்ம ஊட்டி மாதிரி வெள்ளைக்காரங்க உருவாக்கினாங்க. சித்திரை மாசம் கொழும்பு வேகும்போது மலையேறி, குதிரைப் பந்தயம், பூக்காட்சின்னு பொழுது போக்குவாங்க. இன்னைக்கும் "ஏப்ரல் சீசன்"னா அங்கே பெரிய கூட்டம். என் மகள் போட்ட லிஸ்ட்லயும் அது தான் முதல்.

அதே மலைக்கு நம்ம சனங்க போனது வேற கதை. 1830-கள்ல கண்டிப் பக்கம் காட்டை அழிச்சு காபி போட ஆரம்பிச்சாங்க. ஆள் வேணும். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சின்னு கங்காணிகள் ஊர் ஊரா வந்து ஆள் சேர்த்தாங்க. "கண்டிச்சீமை"ங்கிற பேர் அப்படித்தான் நம்ம கிராமங்கள்ல புழங்கிச்சு. தெற்குத் திருவிதாங்கூரிலிருந்தும், அதாவது இன்னைய கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் காபித் தோட்டத்துக்குப் போனதை அந்தக் கால மிஷனரிகள் எழுதி வச்சிருக்காங்க.

ஏன் போனாங்கன்னு கேட்க வேண்டியதே இல்லை. கூலி இல்லாத ஊழியம், தலைவரி, பஞ்சம், அதோட சாதி. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிச்ச உத்தரவே 1855-இல் தான் வந்தது. பெண்கள் மேலே துணி போடலாமா கூடாதான்னு ஊரே தீப்பிடிச்சு, 1859 ஜூலை 26-இல் தான் ராஜா ஒரு பிரகடனம் போட்டார். அதுலயும் நிபந்தனை. அப்படிப்பட்ட ஊர்ல இருந்தவனுக்கு, கையில காசா கூலி கிடைக்கும்னு ஒருத்தன் சொன்னா காடு மலைன்னு பார்ப்பானா?

போன வழி கொடுமை. மன்னார் கரையில இறங்கி, காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நூறு மைலுக்கு மேல நடை. தண்ணி கிடையாது. காலரா, மலேரியா. வழியிலேயே விழுந்து செத்தவங்க ஏராளம். போகும்போதே வழிச்செலவு கடனா கணக்குல ஏறிடும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொண்ணுக்கு மாறணும்னா "துண்டு" வேணும், அதாவது இவன் இவ்வளவு கடன்னு எழுதின சீட்டு. அந்தப் பணத்தைப் புதுத் தோட்டத்துக்காரன் கட்டினா இவனை அவன் எடுத்துக்கலாம். 1921-இல் தான் இந்தத் துண்டு முறையை ஒழிச்சாங்க.

ஆனா காபிக் காலத்துல ஒண்ணு இருந்தது. காபிக்கு ஆள் கூட்டம் வேண்டியது பழம் பறிக்கிற சீசன்ல தான். சீசன் முடிஞ்சதும் நிறைய பேர் இடுப்புல காசை முடிஞ்சுக்கிட்டு ஊர் திரும்பிடுவாங்க. மறு வருஷம் வேணும்னா மறுபடி போவாங்க. கஷ்டமோ நஷ்டமோ, திரும்பி வர்ற பயணம் அது.

1869-இல் காபி இலையில ஒரு துரு நோய் வந்தது. இருபது வருஷத்துக்குள்ள இலங்கைக் காபி காலி. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரா தோட்டத்துல போட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டது. தேயிலைக்கு சீசன்னு ஒதுக்கம் கிடையாது. வருஷம் பூரா கொழுந்து கிள்ளணும். கிள்ளப் பெண்கள் வேணும். அதனால குடும்பமா ஏத்திப் போனாங்க, லயத்துல குடி வச்சாங்க, அங்கேயே பிள்ளை பெத்தாங்க. ஒரு செடி மாறினதுல ஒரு சனத்துக்கே திரும்பி வர்ற டிக்கெட் இல்லாமப் போச்சு.

என்ன காகிதம்?

எங்களுக்கு ஆறு மாசமாவது மிச்சமிருக்கிற பாஸ்போர்ட் வேணும். ஆன்லைன்ல முன்கூட்டியே பயண அனுமதி எடுக்கணும் (கட்டண விதிகள் அடிக்கடி மாறுது, கிளம்புறதுக்கு முன்னாடி அரசாங்க இணையதளத்துல பார்த்துக்கோங்க). முக்கியமா, திரும்பி வர்ற டிக்கெட் காட்டணும்.

தோட்டத்துக்குப் போனவங்களுக்குப் பாஸ்போர்ட் தேவைப்படலை. மண்டபம் முகாம்ல சில நாள் அடைச்சு வச்சு, அம்மை குத்தி, துணியைப் புகையில போட்டு எடுத்து, சீட்டுக் கொடுத்து அனுப்புவாங்க. அந்த முகாமை நடத்தினது இலங்கை அரசாங்கம், நம்ம மண்ணில்! பாஸ்போர்ட், விசா எல்லாம் 1948-க்கு அப்புறம் வந்தது. அதே 1948-இல் இலங்கையில குடியுரிமைச் சட்டம் போட்டாங்க. தோட்டத்துச் சனத்துல பெரும்பாலானவங்க எந்த நாட்டுக்காரங்களும் இல்லைன்னு ஆனாங்க.

1964 அக்டோபர் 30. சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் டெல்லியில கையெழுத்துப் போட்டாங்க. நாடற்றவங்க மொத்தம் 9,75,000 பேர்னு கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டு, 1974-இல் ஆளுக்குப் பாதியா பிரிச்சாங்க. வட்டமேசையில் உட்கார்ந்து தேங்காய் எண்ணுற மாதிரி எண்ணியிருக்காங்க. அந்த ஐந்தேகால் லட்சத்துல பெரும்பாலானவங்க இலங்கையில பிறந்தவங்க. இந்தியாவை ஒரு தடவை கூடப் பார்க்காதவங்களை "தாயகம் திரும்பியோர்"னு சொல்லிக் கப்பல் ஏத்தினாங்க.

அதுல கொஞ்சம் குடும்பங்கள் நம்ம மாவட்டத்துக்கும் வந்தாங்க. கீரிப்பாறை, மணலோடை பக்கமெல்லாம் அரசு ரப்பர் தோட்டம் இருக்குல்ல? 1961-இல் வனத்துறை ரப்பர் நட ஆரம்பிச்சது, 1984-இல் அது அரசு ரப்பர் கழகம் ஆச்சு. அங்கே அவங்களுக்கு வேலை கொடுத்தாங்க. ரப்பர் மரமும் ஒரு வகையில இலங்கை வழி வந்தது தான். பிரேசில் விதை லண்டன் க்யூ தோட்டத்துல முளைச்சு, 1876-இல் கன்றா இலங்கையின் ஹெனரத்கொடைக்கு வந்தது, அங்கிருந்து இந்தியாவுக்கு.

தடிக்காரன்கோணத்துல எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு, நூத்திச் சொச்சம் மரம். அரசுத் தோட்டத்துல ரிட்டயர் ஆன ஒரு அக்கா தான் பால் வெட்டித் தர்றாங்க. மாசியில் இலை உதிர்ந்து வெட்டு நிறுத்தியிருந்த சமயம், கணக்கு முடிக்க வீட்டுக்கு வந்தாங்க. மகள் ஹாலில் உட்கார்ந்து நுவரெலியா வீடியோ ஓடவிட்டுக்கிட்டு இருந்தா. அக்கா வாசல்லேயே நின்னு பார்த்தாங்க.

"இது எங்க ஊர்ப் பக்கம்லா தம்பி..."

இருபது வருஷமா தெரியும். கண்டிப் பக்கத்திலிருந்து வந்தவங்கன்னும் தெரியும். ஆனா ஒரு நாள் கூட உட்கார வச்சுக் கேட்டதில்லை. அன்னைக்குத் தான் கேட்டேன்.

1974. அக்காவுக்கு 11 வயசு. ஹட்டன் பக்கம், நோர்வூட் தாண்டி ஒரு தோட்டம். அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கார். சித்தப்பா இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருக்கார். ஒரே லயத்துல பக்கத்துப் பக்கத்துக் காம்பிரா. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இந்தப் பாரத்தை நிரப்பும்போது, அது குடும்பத்தை ரெண்டாக்கும்னு நினைக்கலை. யாருக்கு முதல்ல கிடைக்குதோ பார்ப்போம்னு இருந்திருக்காங்க. அப்பாவுக்குக் கண்டியிலிருந்து பாஸ்போர்ட் வந்துடுச்சு. அப்பாயி சித்தப்பாவோட தங்கிட்டாங்க.

"தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல்ல ஏறுனோம் தம்பி. ராமேஸ்வரத்துல இறங்குனதும் எங்க அப்பா குனிஞ்சு மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாரு. எங்கம்மா கும்பிடல. வெயிலு தாங்கல, நாங்க ஸ்வெட்டரு போட்டுக்கிட்டு நின்னோம்."

மண்டபம் முகாம், அப்புறம் கீரிப்பாறை. கொழுந்து கிள்ளின அம்மா பால் வெட்டக் கத்துக்கிட்டாங்க. முதல்ல கடிதம் வந்துக்கிட்டு இருந்தது. 1983 கலவரத்துக்கு அப்புறம் ஒண்ணு வந்தது, அடுத்து வரலை. அப்பாயி எப்போ செத்தாங்கன்னே தெரியாது. அடுத்த வருஷமே கப்பலும் நின்னது. பேர் எழுதிக் கொடுத்தும் வர முடியாமப் போனவங்க அங்கே ஏராளம். அவங்க குடியுரிமைப் பிரச்சினையை முடிச்சு வைக்க 2003-இல் தான் இலங்கையில சட்டம் வந்தது.

நான் சும்மா ஒரு பேச்சுக்கு "நீங்களும் வாங்களேன் அக்கா"ன்னேன். சிரிச்சாங்க. அவங்க பேர்ல பாஸ்போர்ட் இருந்ததே கிடையாது. அப்பா பாஸ்போர்ட்ல பிள்ளைகள் பட்டியல்ல ஒரு பேர், அவ்வளவு தான். அதுல இருக்கிற பேர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டுல வேற மாதிரி, ஆதார்ல இன்னொரு மாதிரி. "இதெல்லாம் சரி பண்றதுக்குள்ள நான் அப்பாயிகிட்டயே போயிருவேன்"னாங்க.

திரும்பி வர்றது எப்போ?

நாங்க முதல்ல போட்ட திட்டம்: கொழும்பு ஒரு நாள், பெந்தோட்டை கடற்கரை ரெண்டு நாள், கண்டி, நுவரெலியா, திரும்பல். விவரம் தெரிஞ்ச எல்லாரும் சொன்ன அறிவுரை ஒண்ணு: ஏப்ரல் 13, 14 மட்டும் வேண்டாம். சிங்களவருக்கும் தமிழருக்கும் அன்னைக்குத் தான் புத்தாண்டு. கடை அடைப்பு, பஸ் குறைவு, கொழும்பே காலியாகி எல்லாரும் சொந்த ஊருக்குப் போயிடுவாங்க. சுத்திப் பார்க்க வர்றவனுக்குத் தொல்லை.

அக்கா வந்துட்டுப் போன ராத்திரி யோசிச்சேன். எல்லாரும் சொந்த ஊருக்குப் போறாங்கன்னா, தோட்டத்துப் பிள்ளைகளும் தானே போவாங்க? கொழும்புல கடையிலயும் வீட்டு வேலையிலயும் இருக்கிற இளவட்டமெல்லாம் சித்திரைக்கு லயத்துக்குத் தானே வரும்? ஒரு குடும்பத்தைத் தேடிப் போறவனுக்கு அதை விட நல்ல நாள் ஏது?

வீட்டுல சொன்னேன். வீட்டுக்காரி ஒண்ணும் சொல்லலை, தலையாட்டினா. மகள் தான் முரண்டு பிடிப்பான்னு நினைச்சேன், பெந்தோட்டை போச்சேன்னு. அவ ஃபோனை எடுத்துக்கிட்டு அந்தத் தோட்டத்துப் பேரைத் தேட ஆரம்பிச்சுட்டா. அரை மணி நேரத்துல ஃபேஸ்புக்ல மாரியம்மன் கோவில் திருவிழா வீடியோ ஒண்ணு கிடைச்சது. மறுநாள் அக்காகிட்ட கொண்டு போய்க் காட்டினோம். ஆட்கள் யாரையும் அடையாளம் தெரியலை. கோவிலுக்கு ஏறுற கல்படியை மட்டும் பார்த்துட்டு, "இது தான், இது தான்"ன்னாங்க. மூணு தடவை ஓடவிடச் சொன்னாங்க.

ஒரு கவலை உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டது. நிலச்சரிவுல வீடுகள் போச்சு, நிறைய உயிர் போச்சு, ரயில் பாதை பல இடத்துல அடிபட்டது. அந்த வீடியோ புயலுக்கு முந்தினது. லயம் நிக்குதா, கல்படி இருக்கா தெரியாது. ரயிலை நம்பாம வேன் பேசிக்கலாம்னு இருக்கோம். நீல ரயில் ஜன்னல்ல தொங்கி ஃபோட்டோ எடுக்கிற ஆசையை மகள் ஒத்தி வச்சுட்டா.

இப்போதைய திட்டம் இது தான். ஏப்ரல் 11 திருவனந்தபுரம் - கொழும்பு. 12 ஹட்டன். 13, 14 தோட்டம். சிவனொளிபாதமலைக்கும் சீசன் தான், வைகாசிப் பௌர்ணமி வரைக்கும் ஏறலாம், முட்டி ஒத்துழைச்சா அதுவும். 17 திரும்பல். ரிட்டர்ன் டிக்கெட்டும் சேர்த்தே போட்டாச்சு.

அக்காகிட்ட என்ன கொண்டு வரணும்னு கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம். சித்தப்பா மக்கள் யாராவது இருந்தா ஃபோன்ல கூப்பிட்டுக் குடுங்க, போதும்"னாங்க. போன வாரம் ஒரு பை கொடுத்து விட்டாங்க. ஒரு சிப்பம் கருப்பட்டி, நேந்திரங்காய் சிப்ஸ், அப்பா பாஸ்போர்ட்டோட ஜெராக்ஸ். முதல் பக்கத்துல அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைகள் ஒண்ணா நிக்கிற ஃபோட்டோ. பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவுல தோட்டத்துப் பேர், மேல் டிவிசன், லயம் நம்பர், சித்தப்பா பேர், கங்காணி பேர்.

கருப்பட்டியை விமானத்துல விடுவாங்களான்னு தெரியலை, கேட்டுட்டு இருக்கேன். போயிட்டு வந்து மிச்சத்தை எழுதுறேன்.